பத்துத் துவைப்புக்கு அப்புறம்: இரண்டு பிரிட்டிஷ் ராப் தட்டுகளை ஒப்பிடும் விதம்

தைத்து வாங்கிய அன்று எந்த ரவிக்கையும் அழகாகத்தான் இருக்கும். பத்துத் தடவை துவைத்துப் போட்ட பிறகு எடுத்து வாருங்கள், அப்போது சொல்கிறேன் என்பேன் கடைக்கு வருகிறவர்களிடம். சாயம் இறங்குகிறதா, லைனிங் சுருங்கி மேல்துணியை இழுக்கிறதா, அக்குளில் தையல் பிரிகிறதா, எல்லாம் அதற்கு அப்புறம்தான் தெரியும். பாட்டுத் தட்டுகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்டால் எது தாங்கும், எது வெளுக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு பிரிட்டிஷ் ராப் ஆல்பங்களை வைத்து அதைச் சொல்கிறேன். தையல்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் தோட்டங்கள், அம்மா காலத்தில் ரப்பர், இப்போது பார்க்கும் இடமெல்லாம் செம்பனை, பாமாயில் மரம். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர். லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது ஊருக்குள் இருக்கும் குடியிருப்புக்கு, வந்த பிறகுதான் நான் ஒரு கடைவீட்டின் மாடிப்படிக்குக் கீழே மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். தம்பி 2003 கடைசியில் கணக்கியல் படிக்க லண்டன் போனான். ஈஸ்ட் ஹேமில் அறை. தமிழ்க்கடை இருக்கிறது, தோசை கிடைக்கிறது, முருகன் கோயில்கூட இருக்கிறது என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டான். அடுத்த போனில், "பக்கத்து எஸ்டேட்ல ராத்திரி முழுக்கச் சத்தம்மா, தூக்கமே இல்ல" என்றான். அம்மா உடனே, "அங்கயும் எஸ்டேட்டா? ரப்பரா, செம்பனையாடா?" என்று கேட்டார்.

அங்கே எஸ்டேட் என்றால் நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட அடுக்குமாடி வீடுகள். மரம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்தப் பாட்டுகளுக்குள் நுழைந்தேன். ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும் சுவர், வேலை இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். எனக்கு லயம்தான் ஞாபகம் வந்தது.

தம்பி 2006-இல் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறைய சிடி கொண்டுவந்தான். எனக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தேன், அதை மறந்துவிட்டான். இப்போது அவன் ஜொகூரில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்குப் போய் வருகிறான். பெட்டி என் கடையில்.

முதல் வேலை, சரியான ஜோடியைத் தேர்ந்தெடுப்பது. பட்டையும் பள்ளிச் சீருடைத் துணியையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்கக் கூடாது. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டில் வந்தவையாக இருக்கட்டும். நீளமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகட்டும். நான் எடுத்தவை இரண்டு. ஒன்று டிஸ்ஸி ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்', 2003 ஜூலையில் வந்தது. அந்தப் பையனுக்கு அப்போது 18 வயது, கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில் வளர்ந்தவர். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு அங்கே கொடுக்கும் மெர்க்குரி பரிசு அந்த வருஷம் இதற்குத்தான் கிடைத்தது. 15 பாட்டு. மற்றது தி ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் மைக் ஸ்கின்னர் போட்ட 'எ கிராண்ட் டோன்ட் கம் ஃபார் ஃப்ரீ', 2004 மே மாதம். ஸ்கின்னர் பர்மிங்காமில் வளர்ந்தவர். கிராண்ட் என்றால் அவர்கள் பேச்சில் ஆயிரம் பவுண்டு. ஆயிரம் சும்மா வராது என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். 11 பாட்டு. இரண்டுக்கும் நடுவே பத்து மாத இடைவெளிதான். இனி ஒன்றைப் 'பாய்' என்றும் மற்றதைக் 'கிராண்ட்' என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

டிஸ்ஸியின் பாணிக்கு கிரைம் என்று பெயர். தமிழில் எழுதினால் குற்றம் என்று படிப்பீர்கள். இது அந்த கிரைம் இல்லை. அழுக்கு, பிசுக்கு என்று பொருள் வரும் கிரைம். அம்மாவிடம் இதை விளக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

இரண்டாவது வேலை பாட்டுப் பெட்டியைச் சரிபார்ப்பது. இதில்தான் நான் மோசம் போனேன். என் கடையில் இருந்த சிடி ரேடியோ சின்னது, அதில் இடது பக்க ஸ்பீக்கர் செத்துப் போயிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. சினிமாப் பாட்டு அதில் நன்றாகவே கேட்டது. அந்தப் பெட்டியில் இரண்டு தட்டையும் மூன்று மாதம் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, 'கிராண்ட்' தங்கம், 'பாய்' தகரம் என்று தம்பிக்குப் போனில் தீர்ப்பு சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, அடுத்த முறை வந்தபோது தன் ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டான். 'ஐ லவ் யூ' என்ற பாட்டைப் போட்டான். அடியில் ஒரு சத்தம், பாஸ் என்பார்களே, தகரக் கூரைமேல் எதையோ போட்டு இழுப்பதுபோல் ஓடுகிறது. மூன்று மாதமாக நான் அதைக் கேட்கவே இல்லை. உள்பாவாடை இல்லாமல் சேலை கட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சேலை நிற்கவில்லை என்று சொன்ன கதைதான்.

ஆகவே கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டு எந்த ராப் தட்டுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள், கிரைம் என்றால் சுத்தமாகக் கூடாது. விலை உயர்ந்த பெட்டி வேண்டாம். இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும், அடிச்சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சத்தத்தின் அளவையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றைச் சத்தமாகவும் மற்றதை மெதுவாகவும் வைத்தால் சத்தமானதுதான் ஜெயிக்கும்.

இன்னொன்று. இரண்டிலும் கெட்ட வார்த்தை தாராளம். பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அளவு கொடுக்க வருகிறவர்கள் இருக்கும்போது போடாதீர்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை அளவு கொடுத்துக்கொண்டே 'கிராண்ட்' எட்டாவது பாட்டின் தலைப்பைக் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் வேறு கடையில் தைக்கிறார்.

மூன்றாவது வேலை, கேட்பது. முதல் தடவை கேட்கும்போது கையில் தாள் எதுவும் வேண்டாம், வரிகளைத் தேடிப் படிக்கவும் வேண்டாம். வரிசையை மாற்றாமல் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள். இது முக்கியமாகக் 'கிராண்ட்' தட்டுக்கு. அது 11 பாட்டும் சேர்ந்த ஒரே கதை. ஒருவன் வீட்டில் வைத்திருந்த ஆயிரம் பவுண்டு காணாமல் போகிறது. அதே நேரத்தில் சிமோன் என்ற பெண்ணோடு பழக ஆரம்பிக்கிறான். பந்தயம் கட்டுகிறான், சண்டை போடுகிறான், கடைசியில் அவளையும் இழக்கிறான். கலைத்துப் போட்டுக் கேட்டால் கழுத்துப் பட்டியைக் கையில் வைத்துத் தைத்த மாதிரிதான் இருக்கும். முதல் தடவையிலேயே எனக்கு முக்கால்வாசி புரிந்தது. ஸ்கின்னர் பாடுவதில்லை, பேசுகிறார்; தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து சம்பளம் போன கதையைச் சொல்லும் ஆள் மாதிரி. எஸ்.பி.எம்., அதாவது எங்கள் ஊர்ப் பள்ளிக் கடைசிப் பரீட்சை, அந்த அளவு ஆங்கிலம் போதும்.

'பாய்' முதல் தடவை எனக்கு ஒன்றுமே தரவில்லை. குரல் கிறீச்சென்று இருக்கிறது, வேகம் தாங்கவில்லை, பின்னால் என்னென்னவோ தட்டுமுட்டுச் சாமான் உருளுகிறது. இரண்டாம் தடவையும் அப்படியே. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம், மூன்றாம் தடவைக்கு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் கொச்சை அகராதியில் கிடைக்காது. நான் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். என்னிடம் அளவு எழுதும் நோட்டு இருக்கிறது, அதன் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்கினேன். விதி ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும், முன்பு காதில் விழாத ஒரு விஷயமாவது விழுந்தால் அதை ஒரே வரியில் எழுத வேண்டும். விழவில்லை என்றால் கோடு. நன்றாக இருக்கிறது, பிடித்திருக்கிறது என்பதெல்லாம் எழுதக் கூடாது. அது பழக்கத்தாலேயே வந்துவிடும். தினமும் கேட்டால் விளம்பரப் பாட்டும்தான் பிடித்துப்போகிறது.

'கிராண்ட்' பக்கத்தில் இரண்டாம் தடவை எழுதியது இப்போதும் இருக்கிறது: "4-ஆம் பாட்டிலேயே சொல்லிவிட்டான்!" நான்காவது பாட்டு 'பிளைண்டட் பை தி லைட்ஸ்'. இரவு விடுதியில் மாத்திரை போட்டுவிட்டு சிமோனுக்கும் நண்பன் டேனுக்கும் காத்திருக்கிறான். மயக்கம் ஏறும் நேரத்தில் அவர்கள் இருவரும் முத்தமிடுவதுபோல் அவன் கண்ணில் படுகிறது. அதற்குள் போதை தலைக்கேறி, பார்த்ததையே விட்டுவிடுகிறான். முதல் தடவை நானும் விட்டுவிட்டேன். ஒன்பதாவது பாட்டில் உண்மை வெளியே வரும்போதுதான், இதை அப்போதே சொன்னானே என்று தோன்றுகிறது. எவ்வளவு கெட்டிக்காரத் தையல் பாருங்கள், வெளியே ஒரு நூல் தெரியவில்லை.

கடைசிப் பாட்டு 'எம்ப்டி கேன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. அதற்கு இரண்டு முடிவு. ஒன்றில் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டு, நண்பனின் உதவியை உதறிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பழுதான தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டு அவனோடும் சண்டை. அப்புறம் பாட்டு பின்னோக்கிச் சுற்றுகிறது. மறுபடி தொடங்கும்போது நண்பனை உள்ளே விடுகிறான். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் விழுந்துகிடந்த அந்த ஆயிரம் கிடைக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்ட அன்று ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். நல்லவேளை, துணி மிச்சம் இருந்தது.

இவ்வளவு நல்லதாக இருந்தும், ஏழாம் தடவைக்கு என் நோட்டில் கோடு விழ ஆரம்பித்தது. எட்டு, கோடு. ஒன்பது, கோடு. புதையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, தோண்டியும் எடுத்தாயிற்று. அந்த ஆல்பத்திலேயே பிரபலமானது 'டிரை யுவர் ஐஸ்', 2004 ஜூலையில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. எனக்கு அதுதான் முதலில் வெளுத்தது. வயலின் எல்லாம் சேர்த்து அழவைக்கப் பார்க்கிறது. ஐந்தாம் தடவைக்கு மேல் தேத்தண்ணியில் பால் கூடிப்போன மாதிரி இருந்தது. இதற்குத் தம்பி என்னோடு சண்டை போட்டிருக்கிறான். அவனுக்கு அங்கே ஏதோ நடந்திருக்கிறது, அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

'பாய்' பக்கம் நேர்மாறு. முதல் மூன்றும் கோடு. ஹெட்போன் மாட்டிய நாளிலிருந்து எழுத ஆரம்பித்தேன், இன்றுவரை நிற்கவில்லை. 'ஃபிக்ஸ் அப், லுக் ஷார்ப்' பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பில்லி ஸ்குவையர் என்ற அமெரிக்கப் பாடகரின் 1980-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த ஒரு மேளம், கொஞ்சம் கூச்சல், அதற்குமேல் இந்தப் பையனின் குரல். வேறு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு துண்டுத் துணியில் சட்டை தைத்திருக்கிறான். இப்படி வெற்றிடம் விட்டுத் தைத்ததால்தான் ஒவ்வொரு தடவையும் குரல் வேறு இடத்தில் போய் விழுவதுபோல் தெரிகிறது என்று நினைக்கிறேன். கிரைம் நிமிடத்துக்கு 140 தாளத்தட்டு என்ற கணக்கில் ஓடும் இசை. என் மெஷின் அதைவிட வேகம். ஆனால் கையால் ஹெம்மிங் செய்யும்போது இரண்டு தாளத்தட்டுக்கு ஒரு குத்து என்று ஊசி தானாகவே சேர்ந்துகொள்கிறது.

'ஐ லவ் யூ' பாட்டை முதலில் வெறுத்தேன். பெண்ணைக் கேவலமாகப் பேசுகிறான் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஐந்தாம் தடவைக்குத்தான் அந்தப் பெண்ணின் குரல் சரியாக விழுந்தது. அவள் அவனுக்கு ஒரு சொல்லும் கடன் வைக்கவில்லை, வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறாள். லயத்துக் குழாயடியில் கேட்ட சண்டைதான். 'பிராண்ட் நியூ டே' பாட்டின் மெட்டு விளையாட்டுப் பெட்டியிலிருந்து வருவதுபோல் இருக்கும், சீன வாடை அடிக்கும். பக்கத்துக் கடிகாரக் கடை தவுக்கே, சீன முதலாளி, ஒருநாள் எட்டிப் பார்த்து இது எந்த ஊர்ப் பாட்டு என்று மலாயில் கேட்டார். லண்டன் என்றேன், நம்பவில்லை. அந்த மெட்டுக்கு மேலே அவன் பேசுவதோ, சின்ன வயதுச் சண்டைகள் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டன என்ற கவலை. மெட்டு குழந்தைக்கு, வார்த்தை குழந்தைக்கு இல்லை. இது புரிய எனக்கு ஒன்பது தடவை ஆனது.

எல்லாமே அப்படித் தாங்கியது என்று சொல்லமாட்டேன். 'ஜெசபெல்' என்று ஒரு பாட்டு, வழிதவறிய பெண்ணின் கதை. கடைசியில் கொஞ்சம் இரக்கம் வருகிறது, சரி. ஆனால் அவளோடு சுற்றிய பையன்கள் எல்லாம் எங்கே போனார்கள்? எங்கள் தோட்டத்தில் இந்த மாதிரிக் கதையை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வாசலில் பெரியம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அங்கேயும் பையன்கள் காணாமல் போய்விடுவார்கள். இந்தத் துணி எத்தனை துவைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

நான்காவது வேலை, நடுவே விட்டுவிடுவது. ஒரு மாதமாவது தொடாதீர்கள். எனக்கு அது தானாகவே அமையும். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது, எந்தத் தட்டும் ஓடாது. முடிந்ததும் முதலில் எதைப் போடக் கை போகிறது என்று பாருங்கள். யோசித்துவிட்டுப் போடக் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து என் கை 'பாய்' மேல்தான் போனது. அந்த மஞ்சள் அட்டையும் காரணமாக இருக்கலாம்: மஞ்சள் மூலையில் கறுப்பு உடையில் உட்கார்ந்து, விரலால் தலையில் கொம்பு வைத்துக்கொண்டிருக்கும் பையன்.

அப்புறம், மொழி தெரியாத ஒருவரை உட்காரவையுங்கள். இது நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. அம்மா மத்தியானங்களில் கடைக்கு வந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பார். ஆங்கிலம் தெரியாது. 'கிராண்ட்' ஓடும்போது, "இவன் யாருகிட்டடி இவ்ளோ நேரம் போன்ல பேசறான்?" என்றார். அது சரியான விமர்சனம்தான். இன்னொரு நாள் 'பாய்' ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கத்தரியைக் கீழே வைத்து, "இந்தப் பையன் ஏன் அழுவறான்?" என்று கேட்டார்.

அவன் அழவில்லை, கோபமாகப் பேசுகிறான் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மறுபடியும் முதல் பாட்டு 'சிட்டின் ஹியர்' போட்டு, வார்த்தையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். உண்மைதான். சும்மா உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் குரல், உடைந்துவிடும் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பதினைந்தாவது பாட்டு 'டூ இட்' வரும்போது அது இன்னும் வெளியே தெரிகிறது. வரியைப் படித்த நான் கோபத்தைக் கேட்டேன், படிக்காத அம்மா மற்றதைக் கேட்டார். அதற்கப்புறம் நோட்டில் இரண்டு பக்கம் கூடியது.

எத்தனை தடவைக்குப் பிறகு நிறுத்துவது என்றால், தொடர்ந்து மூன்று கோடு விழுந்தால் அந்தத் தட்டு தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'கிராண்ட்' ஏழு, எட்டு, ஒன்பதில் அங்கே போய்விட்டது. 'பாய்' 23-ஐத் தாண்டிவிட்டது; செத்த ஸ்பீக்கரில் கேட்டு விழுந்த முதல் மூன்றைக் கழித்துவிட்டால், நடுவில் கோடுகள் உண்டு, தொடர்ந்து மூன்று வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்பதற்கு எது என்று கேட்டால் என் பதில் 'பாய்'. ஆனால் உங்களுக்கு ஒரு ஆல்பத்துக்கு இரண்டு தடவைக்குமேல் நேரம் இல்லை என்றால் தயங்காமல் 'கிராண்ட்' எடுங்கள். இரண்டாம் தடவை அது தருவதை 'பாய்' பத்தாம் தடவையில்தான் தரும். தம்பி இன்னும் என் தீர்ப்பை ஏற்கவில்லை.

நோட்டு எழுதச் சோம்பலாக இருந்தால் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். என்னிடம் 'கிராண்ட்' இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. 'பாய்' முழுக்கக் கீறல். ஒன்பதாவது பாட்டில் வந்து மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் துள்ளுகிறது. அந்தப் பாட்டுக்குப் பெயர் 'ரவுண்ட் வி கோ', சுற்றிச் சுற்றிப் போகிறோம் என்று. பெட்டியின் மேல் கத்தரிக்கோல் பிடியால் ஒரு தட்டு தட்டினால் நகர்ந்துவிடும்.